மகாராஜா உட்காருவதற்குள்

ஆகஸ்டு 18, 1947

சுதந்திரம் வந்து மூன்று நாளாகிறது. மேலச்சுனைக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் மகாராஜா இந்தியாவோடு சேருவதா, தனி நாடாகவே இருந்துவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். தனி நாடு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். விடியற்காலையில் வண்டி பூட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறு எல்லையில் இறங்கிவிடலாம்.

நான், ஆவுடைநாயகம், இந்தச் சமஸ்தானத்தின் கட்டியக்காரன். மகாராஜா தர்பாருக்குள் நுழைந்ததும் அவருடைய பட்டங்களை ஒன்று விடாமல் உரத்துச் சொல்லி, "பராக்! பராக்!" என்று முடிப்பது என் உத்தியோகம். நான் முடிக்கிறவரை மகாராஜா உட்காரக் கூடாது. அவர் உட்காராமல் யாரும் உட்காரக் கூடாது. திவான் உட்பட எல்லோரையும் நிற்க வைக்கும் அதிகாரம் இந்த ஊரில் எனக்கு மட்டுமே உண்டு. இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

இன்று தொண்டை கட்டியிருக்கிறது. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டேன். தலைப்பாகையைத் துவைத்துப் போட்டேன். மழை வந்து நனைத்துவிட்டது.

ஆகஸ்டு 24

ராத்திரிச் சாப்பாடு வழக்கம்போல் தங்கை உலகம்மை வீட்டில். என் மனைவி காலமான பிறகு எனக்கு அடுப்பு அங்கேதான். அவள் புருஷன் குற்றாலிங்கம் சமஸ்தானப் பள்ளிக்கூடத்து வாத்தியார். தங்கமான மனுஷன். மூச்சிழுப்பு நோய்க்காரர். போன மாதம் ‘குடிகள் கழகம்’ என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவராகவும் ஆகிவிட்டார்.

கழகத்தின் குறை நியாயமானதுதான். அரண்மனைக் களத்தில் இரண்டு மரக்கால் உண்டு. குடிகளிடம் நெல் வாங்கும்போது பெரிய மரக்காலால் அளப்பார்கள். கூலி கொடுக்கும்போது சின்ன மரக்கால் வெளியே வரும். இது எல்லோருக்கும் தெரியும். என் அப்பா காலத்திலும் தெரிந்திருந்தது.

இன்று சந்தையில் மாப்பிள்ளை கழகத்தின் முதல் ஊர்வலத்தை நடத்தினார். முழக்கம் அவரே எழுதியது: "சமஸ்தான நிர்வாகத்தின் அளவை முறைகேடுகளைச் சீர்திருத்தும் பொருட்டுப் பொறுப்பாட்சி வழங்குக!" ‘முறைகேடுகளை’ வரும்போதே பாதிப் பேருக்கு மூச்சு நின்றுவிட்டது. எழுதியவருக்கே இழுப்பு வந்து கருப்பட்டிக் கடையில் உட்கார வைத்தார்களாம்.

"எல்லாரும் பாதியிலயே விட்டுட்டாங்க அத்தான். ஜனங்களுக்கு அரசியல் உணர்வு போதல," என்று சாப்பிடும்போது வருத்தப்பட்டார்.

"உணர்வெல்லாம் இருக்கு மாப்ளே. மூச்சுதான் இல்ல. நீங்க எழுதுனது முழக்கமில்ல, மனு," என்றேன்.

முப்பது வருஷமாக ஒரே மூச்சில் எத்தனை சொல் நிற்கும் என்று பார்த்துப் பிழைப்பவன் நான். காது கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? மோர்ச் சோற்றைப் பிசைந்தபடி எனக்குள் ஏதோ முணுமுணுத்தேன். இன்னதுதான் முணுமுணுத்தேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ‘வாங்க ஒரு மரக்கால், குடுக்க ஒரு மரக்காலா?’ என்பதுபோல ஏதோ ஒன்று. மாப்பிள்ளை என்னையே பார்த்தார். அப்புறம் எச்சில் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டார்.

நான் முழக்கம் எதுவும் எழுதவில்லை. ஊறுகாய் நன்றாக இருந்தது.

ஆகஸ்டு 31

ஊர் முழுக்க அதேதான்.

"வாங்க ஒரு மரக்கால்!" என்று தெற்குத் தெருவில் ஒருவன் கத்தினால், "குடுக்க ஒரு மரக்காலா?" என்று வடக்குத் தெருவில் பதில் வருகிறது. துணி துவைக்கிறவர்கள் அந்தத் தாளத்தில் அடிக்கிறார்கள். பால்காரியிடம் திவான் வீட்டு அம்மாளே அதைச் சொல்லிச் சண்டை போட்டதாகக் கேள்வி. மகாராஜா குளிக்கும்போது அதைப் பாடிக்கொண்டிருந்தாராம். பாதிப் பாட்டில் பொருள் புரிந்து நிறுத்திவிட்டாராம்.

இரண்டு மரக்காலும் எப்போதும் அங்கேதான் இருந்தன. ஊருக்கு இப்போதுதான் கண் தெரிந்த மாதிரி இருக்கிறது. ஆறு சொல்லுக்குள் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். தாளம்தான் ஏழாவது சொல்.

எழுதியவன் கெட்டிக்காரன். யாரோ.

செப்டம்பர் 5

மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது.

மத்தியானம் திவான் ரங்கராவ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். போனால், விசாரணை இல்லை, ஆலோசனை!

"ஆவுடைநாயகம், நீர் சொல் அறிந்தவர். இந்த முழக்கத்தை யார் எழுதியிருப்பான் என்று நீர்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வாத்தியார் எழுதியதில்லை. அவர் எழுதினால் எனக்கே தூக்கம் வரும்."

நான் அந்தக் காகிதத்தை வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, நெடுநேரம் பார்த்தேன். "எழுத்து வாசனையே இல்லாத பயல் எவனோ எழுதியது எஜமான். வெளியூராக இருக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி இவ்வளவு மோசமான விமர்சனத்தை யாரும் சொன்னதில்லை. (இங்கே ‘என்னைப் பற்றி’ என்பது கை தவறி விழுந்தது.)

மாப்பிள்ளையிடமும் அதே கேள்வியைக் கேட்டார்களாம். "ஜனங்க எழுதுனது" என்றாராம். அடித்தும் கேட்டார்களாம். அதற்கும் அதே பதிலாம்.

சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

செப்டம்பர் 6

உலகம்மை என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. ரசத்தில் உப்பு இல்லை.

செப்டம்பர் 7

குழம்பிலும் இல்லை.

செப்டம்பர் 10

இன்று அவள் வீட்டு எருமைக்குப் புண்ணாக்கு வைக்கப் போனேன். நான் நிற்கும்போதே எருமையிடம் பேசினாள். "அரமனை அடிவருடி வந்திருக்காரு, தள்ளி நில்லு" என்றாள். கழகத்துக்காரர்கள் துண்டுக் காகிதத்தில் அச்சடித்த சொல் அது. இதுவரை அவள் வாயில் வந்ததில்லை. எருமையும் தள்ளி நின்றது.

செப்டம்பர் 19

காவற்கூடத்துக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அது அகழி ஓரத்து நிலவறை. சுவரெல்லாம் ஈரம் கசிகிறது. அவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் மூச்சு விட முடியவில்லை. பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

தசரா முடிந்ததும் தனி நீதிமன்றம் வைத்து, ஐந்து வருஷம் போட்டு, மலையடிவாரத்துக் கோட்டைச் சிறைக்கு அனுப்பப்போகிறார்களாம். அரண்மனை வைத்தியரிடம் விசாரித்தேன். "அந்தக் குளிர்ல இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு ஒரு அடைமழை தாங்க மாட்டாரு வே," என்றார்.

சித்தரத்தைப் பொடியும் தேனும் கொடுத்தேன். காவலாளி அப்பால் போனதும் கேட்டேன். "மாப்ளே, என் பேரச் சொல்லியிருக்கலாம்லா?"

"எந்தப் பேரு?" என்றார். அவ்வளவுதான். அப்புறம், "உலகம்மை சாப்பிடுதாளா?" என்று கேட்டார்.

என்ன ஆனாலும் அந்த மனுஷனை வெளியே கொண்டுவர வேண்டும்.

செப்டம்பர் 22

கழகத்தின் அவசரக் கூட்டம், வாத்தியார் விடுதலைக்காக. நான் வெளியே ஜன்னலோரம் தற்செயலாக நின்றேன். ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்பதா, ‘மிக வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்பதா என்று விளக்கு வைக்கும்வரை விவாதம். கடைசியில் ‘மிக’ வென்றது. எல்லோரும் வெற்றிக் களிப்போடு வீட்டுக்குப் போனார்கள்.

அக்டோபர் 2

மகாராஜாவிடமே நேரில் கேட்டுவிடுவது என்று துணிந்தேன். தோட்டத்தில் தனியாக இருந்தார். நல்ல மனநிலை.

போய்க் கும்பிட்டேன். "என்ன ஆவுடைநாயகம்?" என்றார். வாயைத் திறந்தேன். ‘என் தங்கை புருஷன்’ என்று ஆரம்பிக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷமாக இந்த முகத்துக்கு முன்னால் இந்த வாயில் வேறு எதுவும் வந்ததில்லை. "ஸ்ரீமத் அகண்ட பூமண்டல…" என்று தானாகவே கிளம்பிவிட்டது. நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை. மகாராஜாவும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு முழங்கால் வலி வேறு. ‘ஏரி கண்ட’ என்ற பட்டம் வருவதற்குள் அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது. "பராக்! பராக்!" என்று முடித்ததும், "நன்றாகச் சொன்னாய்" என்று ஒரு வெற்றிலை மடிப்பைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

வெற்றிலையைப் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அக்டோபர் 14

திவான் இந்த வருஷத்துப் பட்டத்தைக் கொடுத்தார்: ‘சுதந்திரச் சுடர்’. டில்லியிலிருந்து தத்தா என்று ஒரு பெரிய அதிகாரி தர்பாருக்கு வருகிறாராம். மகாராஜா எப்பேர்ப்பட்ட சுதந்திரப் பிரியர் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். சுதந்திரம் கேட்டவர் அகழியோரத்தில் இருக்கிறார், சுடர் சிம்மாசனத்தில் இருக்கப்போகிறது. எனக்கு இதில் அபிப்பிராயம் ஒன்றும் இல்லை.

பட்டம் கொடுக்கும் வழக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு விஜயதசமிக்கும் மகாராஜாவுக்குப் புதிதாக ஒரு பட்டம். நான் சொன்ன பிறகு அவர் மறுக்காமல் உட்கார்ந்துவிட்டால் பட்டத்தை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். மறுநாள் கோட்டை வாசல் கல்லில் வெட்டிவிடுவார்கள். வெட்டியதை அழிப்பது குலத்துக்கு ஆகாது. என் தாத்தா ஒரு முறை மோனைக்காக ‘ஏரி கண்ட’ என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார். அந்த மகாராஜா ஒரு கிணறுகூடக் கண்டதில்லை. மறுநாளே ஜனங்கள் குடத்தோடு வந்து ‘ஏரி எங்கே?’ என்று நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஏரியை வெட்டினார்கள். ஊர் இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

ஏதோ ஞாபகம் வந்தது, எழுதினேன். மற்றபடி ஒன்றுமில்லை.

அக்டோபர் 23

உலகம்மை பேசினாள்.

சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். நான் நாளைக்காகத் தொண்டைக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து பாக்கப் போனேன். அவுகளால எந்திரிச்சு நிக்க முடியல. செவத்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்காக, எனக்காக," என்றாள்.

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒங்க கழகம் வேண்டாம், ஒங்க அரமனை வேண்டாம். ரெண்டு பக்கமும் பேசிப் பேசித்தான் அந்த மனுசன உள்ள வச்சிருக்கீக. ஒன் வாயத் தொறந்தா ராசாவே எந்திரிச்சு நிக்காரு. அந்த வாயி அவருக்கு மட்டுந்தானா? எனக்கில்லையா?"

அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. கஷாயம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அவள் போன பிறகு தூக்கைத் திறந்தேன். எல்லாவற்றிலும் உப்பு சரியாக இருந்தது. ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

அக்டோபர் 24, விஜயதசமி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் திட்டம் என்று எதுவும் இல்லை.

தர்பார் நிறைந்திருந்தது. வாசலுக்கு வெளியே ஊர் நின்றது. முன்வரிசையில் டில்லி தத்தா, பக்கத்தில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் திவான். மகாராஜா வந்து சிம்மாசனத்துக்கு முன்னால் நின்றார். முழங்காலில் எண்ணெய்த் துணி கட்டியிருந்தது பட்டுக்குள் தெரிந்தது.

நான் ஆரம்பித்தேன். குரல் நன்றாக இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் புறாக்கள் எழுந்து பறந்தன. தத்தா ஏதோ கேட்டார். அதுவரை நான் சொன்ன அத்தனைக்கும் திவான் இங்கிலீஷில் ஒரே ஒரு சொல் சொன்னார். தத்தா தலையை ஆட்டினார்.

வழக்கத்தைவிட இன்று கொஞ்சம் நிதானமாகச் சொன்னேன். தொண்டைக்கு நல்லது. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சும் வாங்கினேன். மகாராஜா முதலில் வலக்காலுக்கு மாறினார், பிறகு இடக்காலுக்கு. பிறகு எந்தக் காலுக்கு மாறுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ராஜகம்பீரம் கொஞ்சம்கூட இல்லை.

கடைசியாகப் புதுப் பட்டம். "சுதந்திரச் சுடர்" என்றேன். கூட்டம் கை தட்டியது. மகாராஜா கைப்பிடியைத் தேடினார். நான் ‘பராக்’ சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது நாக்கு தானாகவே போயிற்று.

"கருணைக் கடல்! சிறைக்கதவு திறந்து, சிறையிருந்தோர் அனைவரையும் இல்லம் சேர்த்த செம்மல்! பராக்! பராக்!"

திவான் திறந்த வாயை மூடவில்லை. மகாராஜா ‘பராக்’ காதில் விழுந்த கணமே, முப்பது வருஷப் பழக்கத்தில், அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் என்ன பட்டம் என்று யோசித்தார். பாதி எழப் பார்த்தார். முழங்கால் விடவில்லை.

வெளியே யாரோ, "ஏத்துக்கிட்டாரு!" என்று கத்தினார்கள். பெண் குரல். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம் கோட்டைச் சுவர் அதிர்கிற மாதிரி ஊரே கத்தியது.

தத்தா திவானிடம் கேட்டார். திவானால் இந்த முறை ஒரு சொல்லில் முடிக்க முடியவில்லை. வேர்க்க வேர்க்கச் சொன்னார். தத்தா எழுந்து வந்து மகாராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டில்லியில் முதலில் கேட்கச் சொன்னதே அரசியல் கைதிகளைப் பற்றித்தானாம். கேட்பதற்கு முன்பே விடுதலை செய்த மகாராஜாவை அவர் பார்த்ததில்லையாம். சிறை திறக்கும் வைபவத்தை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

கல் தச்சனுக்கு ஆள் போய்விட்டது.

திவான் என்னிடம், "நாக்கு ரொம்ப நீளம் ஓய்" என்றார். "வயசாகிவிட்டது எஜமான், கட்டுப்பாடு போதவில்லை" என்றேன். எழுத்து கோணலாக இருக்கிறது. விளக்கில் எண்ணெய் குறைவு.

அக்டோபர் 25

மாப்பிள்ளை வெளியே வர மறுக்கிறார்!

திவானே என்னை ஓட ஓட விரட்டினார். நாளை காலை தத்தா வருகிறார். கதவு திறக்கும்போது உள்ளே இருக்கிறவன் வர மாட்டேன் என்றால் மானம் போய்விடும். போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் நீலம் பாரித்திருக்கிறது. கொள்கை மட்டும் திடமாக இருக்கிறது.

"கருணைன்னு சொல்லிட்டீங்களே அத்தான். நான் என்ன… பிச்சையா கேட்டேன்? உரிமைன்னு சொன்னாத்தான் வருவேன்."

"மாப்ளே, அதுக்கு மோனை இல்ல."

"மோனைக்காக… என் மானத்த…" என்று ஆரம்பித்து இருமினார். இருமல் நின்றதும், "உரிமை" என்றார் மறுபடியும்.

அரண்மனைக்கு ஓடினேன். கருணையை எடுக்க முடியாது, கல்லில் ‘க’ வெட்டியாகிவிட்டது என்றார் திவான். திரும்ப ஓடினேன். ஒரு கதவு, திறக்கவும் ஆள் தயார், வெளியே தூக்கிவரவும் ஆள் தயார். நடுவில் ஒரு சொல் படுத்துக்கொண்டு யாரையும் விட மாட்டேன் என்கிறது. சொல்லை வைத்துப் பிழைத்தவன் நான், எனக்கே இன்று சொல் என்றால் வெறுத்துவிட்டது.

உலகம்மையிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முறத்தில் அரிசி புடைத்தாள்.

"உள்ள நின்னு நீ கருணைன்னு சொல்லு. வெளிய நாங்க நின்னு உரிமைன்னு கத்துதோம். தொறக்கப்போறது ஒரே கதவுதான? யாரு காதுக்கு எது வேணுமோ அத எடுத்துக்கிடட்டும்."

அக்டோபர் 26

அப்படியே நடந்தது.

நான் அகழி ஓரத்தில் நின்று "கருணைக் கடல்!" என்றேன். மகாராஜா பூரித்தார். வெளியே உலகம்மை தலைமையில் ஊர், "எங்கள் உரிமை! எங்கள் வாத்தியார்!" என்றது. சிறைக்குள் மாப்பிள்ளை நிமிர்ந்தார். கதவு திறந்தது. யாருக்கும் தோல்வி இல்லை.

நடுவே மரக்கால் முழக்கமும் எழும்பியது. அது என்னவென்று தத்தா கேட்டார். "மகாராஜா வாழ்க என்கிறார்கள்" என்று திவான் மொழிபெயர்த்தார். தத்தாவுக்குத் தாளம் பிடித்துப்போய் அவரும் கை தட்டினார்.

வெளிச்சத்தில் மாப்பிள்ளையை முதலில் அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார். உலகம்மை ஓடிப்போய் அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. எனக்குக் கண் மறைத்தது. நான் அகழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவளைகள் நிறைய இருந்தன.

அப்புறம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். "மரக்கால் வாத்தியார் வாழ்க!" என்றான் ஒருவன். மாப்பிள்ளை வெட்கப்பட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். அடுத்த தெருவில் "சிறை கண்ட சிங்கம்!" என்றார்கள். கையை ஆட்டவில்லை. சந்தை முனையில் "ஏழைகளின் விடிவெள்ளி!" என்றபோது அவர் முகத்தைப் பார்த்தேன். மோவாய் சற்றே உயர்ந்து, கண் பாதி மூடியிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தர்பாரில் நான் பார்த்துவரும் முகம் அது.

இழுப்புதான் காரணமாக இருக்கும்.

அக்டோபர் 30

மகாராஜா டில்லி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலச்சுனை இந்தியாவோடு சேர்ந்தது. அவருக்கு மாளிகையும் பட்டங்களும் மிச்சம். நிர்வாகம் இடைக்கால மக்கள் குழுவிடம் போனது. தலைவர் மாப்பிள்ளை.

இன்று வெற்றி விழா. மேடையில் மாப்பிள்ளை பேசினார். வைத்தியர் மருந்தில் மூச்சு நன்றாகத் தேறியிருக்கிறது. "அந்த முழக்கத்தை நான் எழுதிய நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது" என்றார். மோர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உதித்ததாம். கூட்டம் ஆர்ப்பரித்தது.

உலகம்மை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன்.

எனக்கு என்ன வருத்தம்? நான் எழுதவில்லை என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேனே. அடி வாங்கினபோது என் பெயரைச் சொல்லாதவர், மாலை வாங்கும்போதும் சொல்லவில்லை. நியாயம்தான். இந்த ராத்திரி முழுக்க அதை நியாயம் என்றே நினைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

நவம்பர் 4

மக்கள் குழுவின் முதல் வாரம். தலைவரை எப்படி அழைப்பது என்று முடிவாகியிருக்கிறது. ‘தலைவர்’ என்பது ஆண்டான் வாடை அடிக்கிறதாம். ஆகவே ‘தொண்டர்’. ஆனால் வெறும் தொண்டர் என்றால் மரியாதை போதாது என்று முன்னால் சேர்க்க நல்ல சொற்களாக எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மரக்கால் விஷயத்தை ஆராய உபகுழு போட்டிருக்கிறார்கள். அறிக்கை வரும்வரை இரண்டு மரக்காலும் உபயோகத்தில் இருக்கும்.

நவம்பர் 7

சாயங்காலம் தங்கை வீட்டில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். உலகம்மை உள்ளே இலை போட்டுவிட்டிருந்தாள். மாப்பிள்ளை குழுக் கூட்டம் முடிந்து வந்தார். புதுச் சால்வை. பின்னால் வந்த கூட்டம் தெருமுனையில் வாழ்க சொல்லிவிட்டுக் கலைந்தது.

வாசலுக்கு வந்தவர் உள்ளே போகவில்லை. நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, மோவாயைச் சற்றே உயர்த்தி, நின்றுகொண்டே இருந்தார். எதற்கு நிற்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது. வாளியைக் கீழே வைத்தேன். முப்பது வருஷப் பழக்கம், என் வாய் திறக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உலகம்மை வந்து கதவு நிலையைப் பிடித்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"யாரு வந்து பட்டஞ் சொல்லணும்னு நிக்கீக?" என்றாள்.

மாப்பிள்ளை திடுக்கிட்டார். "இல்ல… சும்மாதான்…"

"அந்த நெலவற வாசல்ல ஒங்க நெஞ்சுல கைய வச்சிப் பாத்தவ நானு. மூச்சு வருதான்னுதான் பாத்தேன், சிங்கமா விடிவெள்ளியான்னு பாக்கல. களத்துல இன்னைக்கும் அந்தப் பெரிய மரக்கால்லதான் அளந்தானாம். பக்கத்து வீட்டுக்காரி என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுதா. எனக்கு வாயில்ல."

அவர் முகம் மெல்ல மெல்ல இறங்கி, பழைய வாத்தியார் முகமாக ஆயிற்று. என் பக்கம் திரும்பினார். "அத்தான், அந்த மேடையில…" என்று ஆரம்பித்தார்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம் மாப்ளே," என்றேன்.

"சோறு ஆறுது. கால் கழுவிட்டு வாங்க," என்றாள் உலகம்மை.

கால் கழுவினார். அந்த வீட்டு நிலைப்படி தாழ்வு. குனிந்து உள்ளே போனார்.